வீடியோ இல்லாத ஃபிளிப்டு கிளாஸ்ரூம்

பாடத்தை வீட்டிலேயே படித்தோ பார்த்தோ வந்து, வகுப்பு நேரத்தைக் கேள்விக்கும் பேச்சுக்கும் வைத்துக்கொள்வதுதான் ஃபிளிப்டு கிளாஸ்ரூம். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஸ்டாஃப் ரூமில் வரும் முதல் கேள்வி, "வீடியோ யார் எடுக்கிறது?" அப்படிக் கேட்பதிலும் தப்பில்லை. 2007-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதிலிருந்து இந்த முறை என்றாலே வீடியோ என்றாகிவிட்டது.

எனக்குத் தோதாக இருப்பது அதற்கு முந்தைய வழி. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990-களிலேயே செய்தது. மாணவர்கள் பாடத்தை வாசித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் அவர் கேள்வி போடுவார்.

என் பிளஸ் ஒன் பிள்ளைகள் பலர் வீட்டில் ஒரே போன்தான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பாடநூலில் க்யூஆர் கோடு இருக்கிறது, சரி. ராத்திரி போன் கைக்கு வந்தால் அதில் நியூட்டனையா பார்ப்பார்கள்? அதனால் புத்தகத்தில் இரண்டு பக்கம் மட்டும். புரியாத வரிக்குப் பென்சில் கோடு.

நியூட்டனின் மூன்றாம் விதி (ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு) நடத்திய அன்று கேட்டேன்: லாரியும் பைக்கும் மோதினால் எதன் மீது விசை அதிகம்? விடை எண்ணை விரலால், பக்கத்தில் இருப்பவர் பார்க்காதபடி நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும். விதியை வரி பிசகாமல் ஒப்பிக்கிறவர்கள் உட்பட ஏறக்குறைய பாதி வகுப்பு, பைக் மீதுதான் என்றது. 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் மாணவர்களையே பேச விடுவது மசூர் வழக்கம். நானும் விட்டேன்.

"பைக் அப்பளம் ஆயிடுச்சு, லாரிக்குக் கீறல்கூட இல்ல. எப்படிடி சமம்?"

"அடி சமம்தான். பைக் வெயிட்டு கம்மி, அதான் வேகம் சட்டுனு மாறுது."

இதையே நான் கரும்பலகையில் F = ma (விசை = நிறை × முடுக்கம்) என்று எழுதிச் சொல்லியிருந்தால் நோட்டில் ஏறியிருக்கும், அவ்வளவுதான். இப்போதுதான் புரிந்துகொண்டவளுக்கு, எங்கே இடறும் என்பது என்னைவிட நன்றாகத் தெரிகிறது. மறுபடி விரல் காட்டச் சொன்னபோது பைக் கட்சியில் நாலைந்து பேர்தான். சத்தத்தைப் பற்றிப் பக்கத்து வகுப்பு டீச்சர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

வேலை மிச்சம் என்று யாரும் இறங்கிவிடாதீர்கள். கேள்வி தயார் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தப்பான விடைகளும் பிள்ளைகள் நிஜமாகவே நம்புகிறவையாக இருக்க வேண்டும். பழைய விடைத்தாள்களைப் புரட்டித்தான் பிடிக்கிறேன். அடுத்தது திருப்புவிசை, அதாவது ஒரு பொருளைச் சுழல வைக்கும் விசையின் விளைவு. கதவுக் கீலைத் தாண்டி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாரிடமாவது நல்ல கேள்வி இருந்தால் அனுப்புங்கள்.