கரையத் தெரிந்த துகள்

பல் பிடுங்கிய குழியில் இட்டு நிரப்பும் செயற்கை எலும்புத் துகள்களைச் செய்வது என் வேலை. கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை பருமன், வெள்ளை நிறம், தொட்டால் நறநறவென்று மணல் போல இருக்கும். சேர்ந்த புதிதில் இது வெறும் நிரப்பு வேலை என்றுதான் நினைத்தேன். குழி இருக்கிறது, அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

குழியை அடைப்பதில் இத்தனை அவசரம் ஏன் என்பது பிறகுதான் புரிந்தது. பல் போனதும், அதைத் தாங்கி நின்ற எலும்பை உடல் திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. முன்பற்களின் வெளிப்பக்க எலும்புச் சுவர் பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. முதலில் போவது அதுதான். ஓராண்டுக்குள் தாடை மேட்டின் அகலம் பாதிவரை குறையலாம். அந்த இழப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நடந்துவிடுகிறது.

எங்கள் முதல் துகள் சுத்தமான ஹைட்ராக்சிஅபடைட். கால்சியமும் பாஸ்பரசும் 1.67 என்ற விகிதத்தில், எலும்பின் தாதுவுக்கு நெருக்கமாக. உலையில் 1,250 டிகிரியில் சுட்டோம். விரலால் நசுக்கினாலும் உடையாது. எக்ஸ்ரேயில் குழி பளிச்சென்று வெள்ளையாக நிறைந்திருந்ததைப் பார்த்து உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

ஐந்து மாதம் கழித்து, இம்பிளான்ட், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகு, வைக்க அந்த இடத்தைத் துளையிட்ட பல் மருத்துவர் போன் செய்தார். "உங்க துகள் போட்டபடியே வெளிய வருது. ஓரத்துல மட்டும்தான் எலும்பு" என்றார். நடுவில் துகள்களை நார்த்திசு மட்டும் பிடித்து வைத்திருந்தது. எக்ஸ்ரேயில் நான் பார்த்த வெள்ளை எலும்பே அல்ல, எங்கள் துகள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நோயாளி ஐந்து மாதம் காத்திருந்திருக்கிறார்.

துகள் கரைந்து இடம் விடாததுதான் சிக்கல் என்று, அடுத்து எதிர்ப்பக்கம், வேகமாகக் கரைவதை நோக்கி ஓடினோம். கால்சியம் சல்பேட், அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். 1892-லேயே டிரீஸ்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் எலும்புப் பள்ளங்களை நிரப்ப அதைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் அது சில வாரங்களில் கரைந்துவிடும். எலும்பு வந்து சேர்வதற்குள் தாங்கி நிற்க ஒன்றும் மிஞ்சாது.

சரி, இரண்டுக்கும் நடுவே போகலாம் என்று ஹைட்ராக்சிஅபடைட் 60 பங்கு, அதைவிடச் சுலபமாகக் கரையும் இன்னொரு கால்சியம் பாஸ்பேட்டான பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் 40 பங்கு என்று கலந்தோம். பீட்டா மெல்லக் கரைந்து இடம் விடும், மற்றது உருவத்தைக் காக்கும். இந்த விகிதம் பலருக்கும் தெரிந்ததுதான். எங்கள் காலத்தைத் தின்றது உலை. சுமார் 1,125 டிகிரியைத் தாண்டினால் பீட்டா வடிவம் ஆல்ஃபாவாக மாறத் தொடங்கும். ஆல்ஃபா வேகமாகக் கரையும். சூட்டைக் குறைத்தால் துகளுக்குள் நுண்துளைகள் மூடாமல் தங்கும். செல்கள் பற்றிக்கொள்ள அவை வேண்டும். ஆனால் துகள் நொறுங்கும். எத்தனை தொகுதிகளைத் தூக்கிப் போட்டோமோ, எண்ணவில்லை. பெரிய துளைகளும் தேவை. 100 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் ரத்தக் குழாய் உள்ளே நுழையச் சிரமப்படும். ரத்தம் போகாத இடத்தில் எலும்பு வராது.

அப்புறம் இன்னொன்று. இதைப் பொருள் செய்பவர்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து. குழியில் துகளை இறுக்கி அழுத்தினால் நாம் பாடுபட்டு உண்டாக்கிய இடைவெளி முழுக்க வீணாகிவிடும். நோயாளியின் ரத்தத்தில் நனைத்து லேசாக வைத்தால் போதும். இப்போது விளக்கத் தாளில் முதல் வரியே அதுதான்.

போன வாரம் ஒரு திசுத் துண்டின் ஸ்லைடைப் பார்த்தேன். ஸ்லைடு தயாரிக்கும்போது அமிலம் எங்கள் துகளையும் கரைத்துவிடும். அது இருந்த இடம் வெற்று வடிவமாகத்தான் தெரியும். அந்த வடிவத்தின் விளிம்பை ஒட்டியே இளஞ்சிவப்பாகப் புது எலும்பு வளர்ந்திருந்தது. ஒரு மூலையில், பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல் ஒன்று விளிம்பை அரித்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈறை ஒட்டிய மேல்பகுதியில் மட்டும் இன்னும் நார்த்திசு அதிகம். அடுத்த தொகுதிக்கான குறிப்பை அங்கிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்.