பழைய ஹார்ட் டிஸ்க்: பவர் கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

முப்பது, நாற்பது வருடம் மூலையில் கிடந்த டிரைவ் கையில் கிடைத்ததும் உடனே பவர் கேபிளைச் செருகிப் பார்க்கத்தான் தோன்றும். அந்த அவசரத்திலேயே பல டிரைவ்கள் போய்விடுகின்றன. இன்னும் ஒரே ஒரு தடவைதான் சுற்றும் என்று வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிடுங்கள். ஃபைல்களைத் திறப்பது, பூட் ஆகிறதா என்று பார்ப்பது எல்லாம் அப்புறம். முதலில் முழு டிஸ்க்கின் இமேஜ், அதாவது ஒவ்வொரு பைட்டும் அப்படியே நகலான ஒரே ஃபைல், கைக்கு வர வேண்டும்.

மல்டிமீட்டரில் தொடங்கலாம். நாலு முனை பவர் சாக்கெட்டில் மஞ்சள் வயர் வரும் முனை 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இருப்பவை கிரவுண்ட். ஒவ்வொரு லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓரிரு ஓம்தான் காட்டுகிறது என்றால் போர்டில் டேன்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே பவர் கொடுத்தால் அது புகைந்து எரியும், அல்லது பவர் சப்ளை கட் ஆகும். அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், 12 வோல்ட் லைனுக்கு 25 அல்லது 35 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். டேன்டலத்தில் குறி போட்ட பக்கம் பாசிட்டிவ். எலெக்ட்ரோலிட்டிக்கில் கோடு நெகட்டிவ் பக்கம் என்பதால் பழக்கதோஷத்தில் பலர் மாற்றிப் போடுகிறார்கள்.

மோட்டார் முனகிவிட்டு நின்றால் ஹெட் (தரவைப் படிக்கும் முனை) காந்தத் தட்டோடு ஒட்டியிருக்கலாம். சுத்தியலால் தட்டாதீர்கள். டிரைவைப் படுக்கை வாக்கில் பிடித்து, பூட்டில் சாவி திருப்புவதுபோல் மணிக்கட்டைச் சட்டென்று திருப்பினால் பல நேரம் விடுபடும். விடுபட்டதும் அதே ஓட்டத்திலேயே இமேஜ் எடுத்துவிடுங்கள், நிறுத்தினால் மறுபடி ஒட்டும். மோட்டார் சுற்றுகிறது, ஹெட் நகரும் சத்தமே இல்லை என்றால் வேறு கதை. குவாண்டம் புரோடிரைவ் எல்பிஎஸ் வகையில் உள்ளே இருக்கும் ரப்பர் தடுப்பு தார்போல இளகி ஹெட் கையைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மட்டும் மூடியைத் திறப்பது நியாயம், அதுவும் கடைசி வழியாக.

ஐடிஇ (90களின் பிசிக்களில் வழக்கமான இணைப்பு வகை) டிரைவை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி 'செத்துவிட்டது' என்று ஒதுக்காதீர்கள். 90களின் தொடக்கத்து டிரைவ்கள் பலவற்றுக்கு எல்பிஏ (செக்டர்களை ஒரே வரிசை எண்ணால் அழைக்கும் முறை) தெரியாது, சிலிண்டர்-ஹெட்-செக்டர் முகவரிதான் புரியும். பெரும்பாலான அடாப்டர்கள் அதைப் பேசுவதில்லை. ஐடிஇ போர்ட் உள்ள பழைய மதர்போர்டில் லினக்ஸ் போட்டு, மவுண்ட் செய்யாமல் (ஃபைல்களைத் திறக்காமல்) படியுங்கள்.

தனி கன்ட்ரோலர் கார்டு தேவைப்படும் இன்னும் பழைய வகையான எம்எஃப்எம் டிரைவ்தான் உண்மையில் சோதிக்கும். 34 முனை, 20 முனை என்று இரண்டு கேபிள். 34 முனைக் கேபிளில் ஃபிளாப்பிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வயர் முறுக்கும் இடம் வேறு, மாற்றிப் போட்டால் டிரைவ் பதிலே சொல்லாது. டிஸ்க்கில் உள்ள ஃபார்மட், அதை எழுதிய கன்ட்ரோலர் கார்டுக்கே சொந்தம். வேறு கார்டு படிக்க மறுத்து லோ லெவல் ஃபார்மட் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள், எல்லாம் போய்விடும். கார்டு தொலைந்திருந்தால் டேவிட் கெஸ்வைன் உருவாக்கிய, பீகிள்போன் என்ற சிறு கணினிப் பலகை மேல் மாட்டும் ரீடர் போர்டு நல்ல வழி. அது காந்த மாற்றங்களை அப்படியே ஃபைலாகப் பிடித்துவிடும், எந்த கன்ட்ரோலர் ஃபார்மட் என்பதைப் பிறகு நிதானமாகக் கண்டுபிடிக்கலாம்.

இந்த டிரைவ்கள் பலவற்றில் ஹெட்டை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். டிராக் எங்கே என்று அதற்குத் தெரியாது, எண்ணி நகரும். சூட்டில் உலோகம் விரிந்தால் டிராக் விலகும். அதனால் மோட்டார் சீராக ஓடினால் அரை மணி நேரம் சூடேற விட்டுப் படியுங்கள். அப்போது படிக்காத செக்டர்கள் குளிர்ந்த நிலையில் படிக்கக்கூடும்.

ஐடிஇ, ஸ்கஸி (இன்னொரு இணைப்பு வகை) டிரைவ்களுக்கு இமேஜ் எடுக்க ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் போதும். எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுக்க மறக்காதீர்கள். முதல் ஓட்டத்தில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகும் விருப்பத்தைப் போடுங்கள். நல்ல பகுதி முழுக்க வந்த பிறகு, மூன்று மறுமுயற்சியோடு மிச்சத்தைத் தொடுங்கள்.

வந்த இமேஜின் அளவைச் சரிபாருங்கள். சீகேட் எஸ்டி-225 என்ற எம்எஃப்எம் டிரைவ் என்றால் 615 சிலிண்டர், 4 ஹெட், 17 செக்டர், 512 பைட்: பெருக்கினால் 2,14,11,840 பைட். நிறையக் குறைந்தால் ஜியாமெட்ரி (சிலிண்டர், ஹெட், செக்டர் எண்ணிக்கை) தவறு. டாஸ் பார்ட்டிஷன் வழக்கமாக இரண்டாவது டிராக்கில், அதாவது முதல் 17 செக்டரை (17 × 512 பைட்) தாண்டித் தொடங்கும். ஆகவே இமேஜின் நகலை 8,704 பைட் ஆஃப்செட்டில், ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தால் டைரக்டரி தெரியும்.