மகளின் அமெரிக்கப் படிப்பும் மருத்துவக் காப்பீடும்: காரைக்குடித் தந்தை ஒருவரின் அனுபவம்

என் மகளுக்கு அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் உள்ள பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, விசா, கல்விக்கடன், தங்குமிடம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் காரைக்குடியிலேயே போதுமான ஆட்கள் இருந்தார்கள். மருத்துவக் காப்பீட்டைப் பற்றி மட்டும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். இங்கேயே மலிவாக ஒரு பாலிசி எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றவர்களும் உண்டு. பல்கலைக்கழகம் கேட்கிற பணத்தைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதே நல்லது என்றவர்களும் உண்டு. தம் பிள்ளை படித்த பல்கலைக்கழகத்தின் விதியையே அமெரிக்கா முழுவதற்குமான விதி என்று இரு தரப்பாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பது, விவரங்களைத் தேடிப் படித்த பிறகு தெளிவாயிற்று.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செல்பவர் மருத்துவக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு விதி எதையும் வகுக்கவில்லை. பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கான ஜே-1 விசாவில் செல்வோருக்குத்தான் அப்படி ஒரு விதி இருக்கிறது: ஒவ்வொரு நோய்க்கும் அல்லது விபத்துக்கும் குறைந்தது 1,00,000 டாலர், அவசர மருத்துவ இடமாற்றத்துக்கு 50,000 டாலர், இறந்தால் உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்ப 25,000 டாலர் என்ற அளவில் காப்பீடு இருக்க வேண்டும், நாம் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 500 டாலரைத் தாண்டக் கூடாது. எஃப்-1 மாணவர்களைப் பொறுத்தவரை முடிவெடுப்பது பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழகமே. மாசசூசெட்ஸ் போன்ற மாநிலத்தில் மாநிலச் சட்டமே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போகிற பிள்ளைகள் படிப்புக் காலம் முழுவதற்கும் வெளிநாட்டு மாணவர் காப்பீடு எடுத்தால்தான் விசா கிடைக்கிறது. பிரிட்டன் போகிறவர்கள் விசாக் கட்டணத்தோடு சேர்த்து அந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்கான தொகையையும் முன்கூட்டியே கட்டிவிடுகிறார்கள். அவ்விரு நாடுகளுக்கும் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆராய்ச்சி செய்யும் வேலை அதிகம் இல்லை. எங்களுக்கு இருந்தது.

மகள் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் ஒவ்வொருவரும் பல்கலைக்கழகத்தின் காப்பீட்டுத் திட்டத்தில் தாமாகவே சேர்க்கப்பட்டு, அதற்கான பிரீமியம் பருவக் கட்டணப் பில்லில் ஏறிவிடும். வேறு காப்பீடு இருக்கிறது என்று காட்டி விலக்குக் கேட்கலாம். கெடுவுக்குள் விண்ணப்பித்து, அது ஏற்கப்பட்டால் அந்தத் தொகை பில்லிலிருந்து நீக்கப்படும். இதை அங்கே வெய்வர் என்கிறார்கள். கெடு தாண்டினால் தொகையைக் கட்டியே ஆக வேண்டும். கட்டாவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பாடங்களைப் பதிவு செய்ய விடமாட்டார்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் காட்டியிருந்த ஓராண்டுச் செலவு மதிப்பீட்டிலேயே காப்பீடும் அடங்கியிருந்ததால், வங்கி அனுமதித்த கல்விக்கடனிலும் அதற்கு இடம் இருந்தது. ஆகவே, கையில் பணம் இல்லை என்பதற்காக மலிவான பாலிசியைத் தேட வேண்டிய நிலை எங்களுக்கு இல்லை. இருந்தாலும், இரண்டு பிரீமியங்களுக்கும் இடையில் இருந்த வேறுபாடு பெரிது. வட்டியும் வரவு செலவும் பார்த்தே வளர்ந்த ஊரில், அதைக் கணக்குப் பார்க்காமல் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இங்கே பாலிசி விற்கும் ஏஜென்ட் ஒருவர், இரண்டரை லட்சம் டாலர் காப்பீடு, குறைந்த பிரீமியம், வெய்வர் நிச்சயம் என்று சொல்லி வண்ணத்தாளில் அச்சிட்ட சுருக்கக் குறிப்பைக் கொடுத்தார். அதை ஓரமாக வைத்துவிட்டு, பாலிசியின் முழு நிபந்தனைகளையும் அனுப்பச் சொன்னேன். அனுப்பத் தயங்கினார், ஆனாலும் அனுப்பினார். ஒரு பக்கம் பல்கலைக்கழகத்தின் வெய்வர் நிபந்தனைகளையும் மறுபக்கம் இந்தப் பாலிசியின் நிபந்தனைகளையும் விரித்து வைத்து, மகளும் நானும் வரி வரியாக ஒப்பிட்டோம்.

பல்கலைக்கழகம் கேட்டவை இவை: ஒபாமாகேர் என்று பரவலாக அறியப்படும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஏற்ற காப்பீடாக இருக்க வேண்டும், ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கக் கூடாது, மனநல சிகிச்சையும் மகப்பேறும் அடங்க வேண்டும், அவசர சிகிச்சை மட்டுமல்லாமல் சாதாரண சிகிச்சையும் பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும், கிளெய்மைக் கவனிக்க அமெரிக்காவில் அலுவலகம் இருக்க வேண்டும், கல்வியாண்டு முழுவதும் இடைவெளி இல்லாமல் நடப்பில் இருக்க வேண்டும். ஏஜென்ட் கொடுத்த பாலிசி, ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு சிறு உச்சவரம்புக்குள்தான் பணம் தரும். அறை வாடகை, அறுவை சிகிச்சை, பரிசோதனை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருந்தார்கள். இரண்டரை லட்சம் என்ற பெரிய எண் முதல் பக்கத்தில் இருந்தது. அதைச் சிறு துண்டுகளாக நறுக்கும் அட்டவணை கடைசிப் பக்கங்களில் இருந்தது.

என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. இன்ஹேலர் இல்லாமல் அவள் வெளியூர் போவதில்லை. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போகும் ஊருக்குச் செல்லும் ஆஸ்துமாக்காரிக்கு, ஆஸ்துமாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காக்கும் பாலிசி எதற்கு என்று அவளே கேட்டாள். நோயைச் சொல்லாமல் விட்டுவிடலாமே என்று ஏஜென்ட் சொன்ன யோசனையை நான் அப்போதே மறுத்துவிட்டேன்; மறைத்து எடுத்த பாலிசியில் கிளெய்ம் வரும்போது பழைய மருந்துச் சீட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதை, பல்கலைக்கழகத் திட்டத்தின் கையேட்டைப் படித்தபோது இன்னொரு கோணத்திலும் உணர்ந்தேன். அங்கே பணம் கட்டியாயிற்று என்பதால் சிகிச்சை இலவசம் ஆகிவிடுவதில்லை. ஆண்டுதோறும் முதலில் நாமே கட்ட வேண்டிய ஒரு தொகை இருக்கிறது; அது டிடக்டபிள். மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டிய சிறு தொகை கோபே. டிடக்டபிள் தீர்ந்த பிறகும் பில்லில் நம் பங்காக ஒரு விழுக்காடு தொடரும், அது கோஇன்ஷூரன்ஸ். உதாரணமாக, டிடக்டபிள் 500 டாலர், நம் பங்கு 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 10,000 டாலர் பில்லுக்கு முதலில் 500, மீதி 9,500இல் 1,900 என்று மொத்தம் 2,400 டாலர் நம் கையிலிருந்து போகும். பில் பத்து மடங்கானால் இந்தத் தொகையும் அதே விகிதத்தில் ஏறாமல் தடுப்பது, ஓராண்டில் நாம் கட்டும் தொகைக்கு உள்ள உச்சவரம்புதான். அந்த வரம்பு எவ்வளவு உயரலாம் என்பதற்கும் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. 2025ஆம் ஆண்டுக்குத் தனிநபருக்கு அது 9,200 டாலர். ஏஜென்டின் பாலிசியில் இதற்கு நேர்மாறாக, நிறுவனம் கொடுப்பதற்குத்தான் வரம்பு இருந்தது. நாம் கொடுப்பதற்கு வரம்பே இல்லை. என் கணக்கில் தீர்ப்பு சொன்னது இந்த ஒரு வரிதான்.

மேலும், இவை எல்லாம் நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் பட்டியலில், இருக்கும் மருத்துவமனைக்குத்தான் பொருந்தும். வெளியே போனால் நம் பங்கு கூடும். அவசர சிகிச்சையில் நெட்வொர்க் அல்லாத மருத்துவமனையிலிருந்து திடீரென்று பெரும் பில் வருவதைத் தடுக்க 2022 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் தரைவழி ஆம்புலன்ஸ் அதில் சேரவில்லை. மூச்சுத் திணறல் இருப்பவளுக்கு இது சிறிய செய்தி அல்ல.

சந்தேகங்களைக் கேட்கப் பல்கலைக்கழக அலுவலகத்தை அழைத்தால், அவர்களுக்குக் காலை ஒன்பது மணி ஆகும்போது எங்களுக்கு இரவு ஏழரை. நான் பேசத் தொடங்கியதும், மாணவியின் சம்மதம் இல்லாமல் தந்தையிடம் அவருடைய விவரங்களைப் பேச இயலாது என்று மரியாதையாகச் சொன்னார்கள். மாணவர் பதிவுகளின் தனியுரிமைக்கென்று 1974 முதலே அங்கே ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது; பணம் கட்டுவது தந்தை என்பதால் அது மாறாது. "அப்பச்சி, நீங்கள் கேள்விகளை எழுதிக் கொடுங்கள், நான் பேசுகிறேன்" என்றாள் மகள். அன்றிலிருந்து அவள் பேசினாள்; நான் பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்தேன். நோயில்லாத நாளிலும் இவ்வளவு பணமா என்று என் தாயார் பலமுறை கேட்டார்கள். ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, பர்மாவுக்குப் போனபோது மூன்று வருடக் கணக்குக்கு ஒரு மருந்துப் பெட்டிதான் போயிற்றாம்! அப்பத்தாளுக்குப் பேத்தி சொன்ன விளக்கத்தைவிட, அமெரிக்காவில் ஓர் இரவு மருத்துவமனையில் தங்கினால் வரக்கூடிய பில்லை ரூபாயில் சொன்னதுதான் எடுபட்டது.

பல்கலைக்கழகத் திட்டத்திலேயே இருப்பது என்று முடிவு செய்தோம். ஆஸ்துமா இல்லாமல், பல்கலைக்கழகமும் கடுமையான நிபந்தனை வைக்காமல் இருந்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கலாம். எல்லாரும் இதையே செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏஜென்டிடம் போவதற்கு முன் வெய்வர் நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும் என்பதை மட்டும் கேட்பவர்களிடம் அழுத்திச் சொல்கிறேன். சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவருக்கு விலக்கே தருவதில்லை. அங்கே சேரும் பிள்ளைக்கு இங்கே பாலிசி எடுப்பது இரட்டைச் செலவு.

முடிவுக்குப் பிறகும் சில ஓட்டைகளை அடைக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத் திட்டம் ஆகஸ்டின் நடுவில்தான் தொடங்கியது. மகள் அதற்கு முன்பே விமானம் ஏறினாள். இடையில் உள்ள நாள்களுக்கு மட்டும் இங்கே ஒரு சிறு பயணக் காப்பீடு எடுத்தோம். பல்லும் கண்ணாடியும் அந்தத் திட்டத்தில் அடங்காததால், பல் வேலையை இங்கேயே முடித்து, கூடுதலாக ஒரு கண்ணாடியும் செய்து கொடுத்தோம். தடுப்பூசிச் சான்று காப்பீட்டோடு சேர்ந்ததல்ல, தனி நிபந்தனை. காசநோய்ப் பரிசோதனையில், பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டுக்கொண்ட நம் பிள்ளைகளுக்குத் தோல் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனையே செய்துகொள்ளும்படி மருத்துவர் சொன்னார்.

இன்னொன்று, எங்கள் குடும்ப மருத்துவ பாலிசி இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு மட்டுமே என்பதால், புதுப்பிக்கும்போது மகளின் பெயரை எடுத்துவிட்டால் பிரீமியம் குறையும் என்று சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. பெயரை நீக்கிவிட்டுப் பிறகு புதிதாகச் சேர்த்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்; 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதன் உச்ச அளவை நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைத்திருக்கிறது என்றாலும், ஆஸ்துமா உள்ளவளுக்கு மூன்று ஆண்டும் நீண்ட காலம்தான். படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகத் திட்டம் நின்றுவிடும். அங்கே வேலை கிடைக்கிறதா, ஊருக்குத் திரும்புகிறாளா என்பது அப்போதுதான் தெரியும். அதுவரை இந்தக் குடும்ப பாலிசியில் அவள் பெயரும் இருக்கட்டும் என்று ஆண்டுதோறும் புதுப்பித்துவருகிறேன்.