மின்ட் போடுவதற்கு முன்னால் விண்டோஸில் செய்த வேலைகள்

என்னிடம் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5 லேப்டாப். விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நன்றாக ஓடுகிற மெஷினை ஓரங்கட்ட மனசு வரவில்லை, அதனால் விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம், அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸை அழிக்கவில்லை, வீட்டில் மற்றவர்களுக்கு அது வேண்டும். பென்டிரைவைச் செருகி நாலு முறை நெக்ஸ்ட் அமுக்கினால் முடிந்தது என்றுதான் வீடியோக்களில் காட்டுகிறார்கள். அந்த நாலு நெக்ஸ்ட் பொய்யில்லை, ஆனால் நிஜமான வேலை அதற்கு முன்னால், விண்டோஸிலும் பயாஸிலும் (மெஷினை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) கிடக்கிறது.

முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷன். நாமாகப் போடாவிட்டாலும் பல லேப்டாப்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அது ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நின்றுவிடும். கீயைக் காகிதத்தில் எழுதி வைத்தேன் (அதே லேப்டாப்பில் சேமித்து என்ன பயன்?), அப்புறம் என்கிரிப்ஷனையே அணைத்தேன். டிஸ்க் முழுவதையும் அவிழ்க்க நேரம் எடுக்கும், அது முடியும் வரை வேறு எதையும் தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, கடையைப் பூட்டாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போவது மாதிரி, கர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் தூங்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே மறுக்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் டிக்கை எடுக்கலாம். நான் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஹைபர்னேட்டையே அணைத்துவிட்டேன், அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும், பல ஜிபி பிடித்திருந்த ஹைபர்னேட் ஃபைலும் காணாமல் போகும்.

அந்த ஃபைல் போனது இன்னொன்றுக்கும் உதவியது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கப் பார்த்தபோது, பாதிக்கு மேல் காலியாக இருந்தும் சுருக்க விட்டது 14 ஜிபிதான். நடுவில் உட்கார்ந்திருக்கும் நகர்த்த முடியாத ஃபைல்கள்தான் காரணம்: ஹைபர்னேட் ஃபைல், பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது), சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளிகள். மற்ற இரண்டையும் தற்காலிகமாக அணைத்து ரீஸ்டார்ட் செய்ததும் தாராளமாக இடம் விட்டது. 80 ஜிபி எடுத்துக்கொண்டு பேஜ் ஃபைலைத் திரும்பப் போட்டாயிற்று.

மின்ட் பென்டிரைவிலிருந்து பூட் ஆனது, வைஃபை, ஒலி எல்லாம் சரி, ஆனால் இன்ஸ்டாலருக்கு டிஸ்கே தெரியவில்லை. பயாஸில் சாட்டா மோட், அதாவது டிஸ்கோடு பேசும் முறை, இன்டெலின் ஆர்எஸ்டியில் இருந்ததுதான் விஷயம், அதைப் பொதுவான முறையான ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். இங்கேதான் பலர் விண்டோஸை ரீஇன்ஸ்டால் செய்யும் அளவுக்குப் போய்விடுகிறார்கள், ஏனென்றால் சும்மா மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். அதற்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது: முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டை (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழுவது) டிக் செய்து ரீஸ்டார்ட், விண்டோஸ் மேலே வரும் முன்பே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ, இப்போது விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து தேவையான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும், பிறகு டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு ரீஸ்டார்ட். அவ்வளவுதான், ஆனால் இந்த வரிசை மாறக்கூடாது. சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும்.

இன்ஸ்டால் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பார்ட்டிஷனை நாமே பிரிக்கும் 'சம்திங் எல்ஸ்' எடுத்தேன், காலி இடத்தில் லினக்ஸுக்கான ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன், பூட் ஃபைல்கள் இருக்கும் ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே பயன்படுத்தச் சொன்னேன். ஸ்வாப்புக்கு (லினக்ஸின் பேஜ் ஃபைல் மாதிரி) தனி பார்ட்டிஷன் தேவையில்லை, ஃபைலாக மின்ட்டே வைத்துக்கொள்கிறது. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டை அணைக்கவே இல்லை.

இரண்டும் வந்த பிறகு ஒரு வேடிக்கை. மின்ட்டிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மின்ட்டையும் உள்ளூர் நேரம் வைக்கச் சொல்ல ஒரு வரிக் கட்டளை போதும். டைம்ஸோன் மாற்றம், கோடைகால நேர மாற்றம் வந்தால் குழப்பம் ஆகும் என்று அது எச்சரிக்கும். இந்தியாவில் கோடைக்குக் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கமே இல்லை, லேப்டாப்பும் ஊர் தாண்டுவதில்லை, அதனால் நான் கண்டுகொள்ளவில்லை.

தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி, அதோடு எம்17என் என்ற மொழித் தொகுப்பு. லாக் அவுட் செய்து திரும்ப வந்ததும் பட்டியலில் தெரிந்தது, இந்தப் பதிவே அதில் அடித்ததுதான். பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய ஃபைல்களுக்கு அந்த எழுத்துரு ஃபைலை ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டதும் லிப்ரே ஆபீஸில் ஒழுங்காகத் திறக்கின்றன. பாக்கி ஸ்கேனர் மட்டும்: பிரிண்ட் போகிறது, ஸ்கேன் வரவில்லை, அதற்கு இப்போதைக்கு விண்டோஸுக்குத்தான் போகிறேன்.