கோர் தெ கார்த் மலையில் பால்காவடி

இந்தத் தைப்பூசத்துக்கும் கத்ர் போர்ன் ஊரின் மலைக்கோவிலுக்குத்தான் பால்காவடி எடுத்தேன். பத்து நாள் விரதம் இருந்து, வாயில் அலகு குத்திக்கொண்டு, முருகா முருகா என்று மனதுக்குள் சொல்லியபடி ஏறினேன். மொரீசியஸில் பூசம் நல்ல கோடையில் வரும், உள்ளங்கால் பொரிந்துவிடும்.

வழியில் கொஞ்ச நேரம் வரிசை நின்றது. அண்ணன் மகள் ஓரமாகக் கிடந்த கறுப்புக் கல்லைக் காட்டி, "அத்தை, இதுல ஏன் இத்தனை ஓட்டை?" என்று எங்கள் தீவுப் பேச்சான கிரியோலில் கேட்டாள். அலகோடு எப்படிப் பேசுவது? மேலே போய்ச் சேரும்வரை அந்தப் பதிலைத்தான் மனதில் கோத்துக்கொண்டே நடந்தேன்.

நாம் மலை என்று கும்பிடுகிற இந்தக் கோர் தெ கார்த், தீவையே உண்டாக்கிய ஒரு பெரிய எரிமலையில் மிஞ்சிய துண்டு. 80 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் கடலுக்கு மேலே எழுந்தது அது, நடுப்பகுதி உள்ளே இடிந்து விழுந்து, மிச்சத்தை மழை அரித்து, இன்று அங்கங்கே மலைகளாக நிற்கிறது. கீழே ஊர் இருக்கும் சமவெளியில் அதற்கு வெகுகாலம் கழித்து வந்த எரிமலைக் குழம்பு படர்ந்திருக்கிறது. அடியிலிருந்த நெருப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது, தரைதான் மெல்ல நகர்ந்து போனது, அதனால் இப்போது அந்த நெருப்பு பக்கத்துத் தீவான ரெயூனியனில் எரிகிறது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் தக்காணத்துக் கரும்பாறையைக் கொட்டியதும் அதே நெருப்புதான் என்பதை முதலில் படித்த அன்று எனக்குச் சிலிர்த்துவிட்டது. தாத்தாவின் தாத்தா கப்பலேறி வந்த நாட்டையும் இந்தத் தீவையும் ஒரே அடுப்பு தொட்டிருக்கிறது!

இன்னொன்றும் உண்டு. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுமார் 60 லட்சம் ஆண்டு வயதுள்ள மொரீசியஸ் பாறைக்குள் 300 கோடி ஆண்டுப் பழைய சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகள் கிடைத்தன. அதாவது, தீவுக்கு அடியில் தொலைந்துபோன ஒரு பழங்கண்டத்தின் துணுக்கு புதைந்திருக்கிறது, குழம்பு மேலே வரும்போது அதிலிருந்து அள்ளி வந்திருக்கிறது.

பால் அபிஷேகம் முடிந்து அலகு எடுத்ததும் முதல் வேலையாக அவளை நிழலுக்குக் கூப்பிட்டேன். குழம்பு ஆறும்போது உள்ளிருந்த வாயு குமிழாகக் கிளம்பி, வெளியேறும் முன்னே கல் இறுகிவிட்டது, அந்தக் குமிழ்தான் ஓட்டை என்றேன். அவள் ஓடிப்போய் வெயிலில் கிடந்த ஒரு கல்லின் ஓட்டைக்குள் விரலை விட்டாள்.

"இன்னும் சுடுது அத்தை!"

அப்புறம் செத் காரிக்கு, அதுதான் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு, இலை போட்டாயிற்று என்று அண்ணி கூப்பிட்டார், இறங்கினோம்.