அப்பாவின் வெங்காயக் கொப்பி

சித்தியின் மகள் உயர்தரப் பரீட்சையில் பொருளியலுக்கு ‘ஏ’ எடுத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள், “அக்கா, கேள்வி, நிரம்பல், பணவீக்கம் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பொருளியலில் வேறு என்னதான் படிக்கிறீர்கள்?” என்று கேட்டாள். நான் உள்ளே போய் அப்பா கணக்கெழுதும் தடித்த அட்டைச் சீ.ஆர். கொப்பியை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன்.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்களுக்கு ஆறு பரப்பு (எங்கள் ஊர் நில அளவு) செம்மண் தோட்டம். ஒவ்வொரு வெங்காயப் போகத்துக்கும் கொப்பியில் ஒரு பக்கம்: நட்ட பரப்பு, இறைப்புக்கு எண்ணெய், கூலி, விற்ற விலை, சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ என்று வெட்டிக்கொள்ளும் கழிவு. ஓரங்களில் செம்மண் படிந்த விரலடையாளங்கள்.

இரண்டாம் வருடத்தில், தனி ஆட்களும் தனிச் சந்தைகளும் எப்படி இயங்குகின்றன என்று பார்க்கும் நுண்பாகப் பொருளியல் படிக்கும்போது அந்த விலைகளை வரைபடத் தாளில் குறித்துப் பார்த்தேன். ஏறி, விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழுந்தது. விலை நன்றாக இருந்தால் அடுத்த போகத்துக்கு ஊர் முழுக்க வெங்காயம் நடும். எல்லாம் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்து விலை சரியும். வெறுத்துப்போய்ப் பலர் விட்டுவிட, விலை திரும்ப ஏறும். பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் 1934இல் இதற்குச் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயர் வைத்தார். “விளைச்சல் கூடிய வருடம்தான் நாங்கள் கடன்பட்ட வருடம்” என்று அப்பா சொல்வதைச் சிறு வயதில் சலிப்பு என்றே நினைத்திருந்தேன். வெங்காயம் மலிந்துவிட்டதென்று யாரும் கறிக்கு இரண்டு மடங்கு போடுவதில்லை. விலை மாறினாலும் வாங்கும் அளவு பெரிதாக மாறாத இதைத்தான் நெகிழ்ச்சியற்ற கேள்வி என்று புத்தகம் சொல்கிறது.

“அப்படியென்றால் மற்றவர்கள் நடாதபோது நாங்கள் நட்டால் போதுமே!” என்றாள் தங்கச்சி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒருவர் மட்டும் அப்படிச் செய்தால் சரி. ஊரே அப்படி நினைத்தால்? சேமிப்பிலும் இதே கதைதான். ஒரு வீடு சிக்கனமாக இருந்தால் சேமிப்புக் கூடும். நாடே ஒரே நேரத்தில் சிக்கனம் பிடித்தால் கடைகளில் விற்பனை குறையும், வேலை போகும், கடைசியில் சேமிக்கவே வருமானம் இராது என்று பொருளியலாளர் கெய்ன்ஸ் 1936இல் வாதிட்டார். நாட்டின் பொருளாதாரத்தை முழுதாகப் பார்க்கும் பேரினப் பொருளியலைத் தனிப் பாடமாகப் படிப்பதன் நியாயம் எனக்கு அதில்தான் விளங்கியது.

2022ஆம் ஆண்டின் பக்கத்தைத் திருப்பினேன். ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். இவை விரிவுரைக் குறிப்பில் இருப்பவை. அப்பாவின் பக்கத்தில், ஓகஸ்ட் மாதத்தில், “எண்ணெய் 340” என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறது. அதுவரை ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாய். அந்தப் போகம் ஆறு பரப்பில் நான்குதான் நட்டார்.

பொது நிதி, அபிவிருத்திப் பொருளியல், தரவுகளைக் கொண்டு கோட்பாடுகளைச் சோதிக்கும் பொருளாதார அளவையியல் என்று வேறு பாடங்களும் உண்டு. சர்வதேச வர்த்தகத்தில் பொருளியலாளர் ரிக்கார்டோவின் 1817ஆம் ஆண்டு ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டைப் படித்தபோது அப்பப்பாவை நினைத்துக்கொண்டேன். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த எழுபதுகளில் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டியவர் அவர். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து, வெளிநாட்டு மிளகாயும் வந்து இறங்கியது. வர்த்தகத்தால் நாட்டுக்கு நன்மை என்று கோட்பாடு காட்டுகிறது. அந்த நன்மையில் அப்பப்பாவுக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் ஆய்வுக் கட்டுரை கிணற்று நீரைப் பற்றியது. யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீரைத்தான் எல்லோரும் இறைக்கிறோம். அளவுக்கு மீறினால் கடல்நீர் ஏறிக் கிணறு உவராகிவிடும். 2009இல் பொருளியல் நொபேல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண், தன் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்ததும் தென் கலிபோர்னியாவில் இப்படிக் கடல்நீர் புகுந்த நிலத்தடி நீரைத்தான். அங்கே நீர் இறைத்தவர்களே கூடிப்பேசி அளவு வகுத்துக்கொண்டார்கள்.

தங்கச்சி கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். அப்பா விடவில்லை. “புதன்கிழமை நடுகை, பிள்ளை. பக்கம் எழுத வேண்டும்” என்று வாங்கி, பேனையோடு சேர்த்துக் கூரைத் தடியில் செருகிவிட்டார்.