தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகுகிறேன்: இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து சில குறிப்புகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகு போகாவிட்டால் ஐஸுக்குக் கேட்பு இல்லை. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்கும் பாதி வேலைதான். இந்தத் தடைக்காலத்தில் விக்கிப்பீடியாவில் எழுதக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். 2003-லேயே தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இத்தனை வருடம் வாசிக்க மட்டும்தான் செய்திருக்கிறேன். எங்கள் கரையோர ஊர்கள் சிலவற்றுக்கு நாலு வரிக்கு மேல் இல்லை. தீவுகள், பாசி, காற்று, படகு என்று இவ்வளவு இருக்கிற கடற்கரைக்கு நாலு வரி போதாது.

கணக்கு இல்லாமலும் திருத்தலாம். ஆனால் கணக்கு இருந்தால் சொந்தமாக ஒரு மணல்தொட்டி கிடைக்கும். என்ன வேண்டுமானாலும் எழுதிப் பார்க்கலாம், கட்டுரைக்கு ஒரு சேதமும் வராது. கவனிப்புப் பட்டியலும் கிடைக்கும். நமக்கு வேண்டிய கட்டுரைகளில் யார் எதை மாற்றினாலும் தெரிந்துவிடும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு ஊர்ப்பெயரை எழுதினால் அந்த ஊர்க் கட்டுரைக்கு வழி திறக்கும். கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதி முடித்ததும் நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் நம் பெயரும் நேரமும் தானாகப் பதியும். இதெல்லாம் ஒரு மாலையில் கைக்கு வந்துவிடும்.

எனக்கு முதலில் பிடித்துப்போனது வரலாற்றுப் பக்கம். கணக்கு எழுதுகிறவனுக்கு அது பேரேடு மாதிரி. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்று எல்லாம் வரிசையாக நிற்கும். அடித்த வரியும் அழியாது, பழைய நிலைக்கு ஒரு சொடுக்கில் திரும்பலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே தொகுப்புச் சுருக்கம் என்று ஒரு கட்டம் வரும். ‘எழுத்துப்பிழை’, ‘சான்று சேர்த்தேன்’ என்று இரண்டு வார்த்தை போதும். அதைக் காலியாக விடாமல் நிரப்புவதுதான் புதிதாக வருகிறவருக்கு நான் சொல்லும் முதல் யோசனை. முன்பின் தெரியாத ஒருவர் நம் திருத்தத்தை நம்புவதற்கு அந்த இரண்டு வார்த்தைதான் கையில் இருக்கிறது.

பெரிய கட்டுரைக்குப் போகாமல் சின்னத் திருத்தங்களில் தொடங்கினேன். பாம்பன் பாலம் பற்றி எழுதுகிறவர்கள் ‘தற்போது’, ‘சமீபத்தில்’, ‘புதிய பாலம்’ என்று எழுதிவிடுகிறார்கள். கலைக்களஞ்சியத்தில் அந்தச் சொற்கள் நாலு வருடத்தில் பொய்யாகிவிடும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-ல் திறந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரல் 6-ல் திறந்த ரயில் பாலம் என்று வருடத்தோடு எழுதினால் எப்போது வாசித்தாலும் சரியாக இருக்கும். பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு பக்கமும் தூக்கித் திறந்தது, 2025 பாலத்தின் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும்பும். இப்படிக் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டைச் சொன்னால் ‘பிரமாண்டமான’, ‘உலகப் புகழ்பெற்ற’ என்ற அடைமொழிகளுக்கு வேலையே இல்லை.

கலாம் விஷயம் கொஞ்சம் கனமானது. எங்கள் பக்கம் யாரும் வெறுமனே ‘கலாம்’ என்று சொல்ல மாட்டார்கள். கலாம் ஐயா, இல்லையென்றால் நம்ம கலாம். விக்கிப்பீடியாவில் ஐயா, அவர்கள், மேதகு, மாண்புமிகு எதுவும் கூடாது. ‘1931 அக்டோபர் 15 அன்று இராமேசுவரத்தில் பிறந்தார்’ என்று வினைச்சொல்லின் ‘ஆர்’ மட்டும் நிற்கும். யாராக இருந்தாலும் இதே அளவுதான் என்பதால் எனக்கு இந்த விதி பிடித்தது. ஒருவருக்கு ஐயா போட்டு இன்னொருவருக்கு விட்டால் அங்கேயே கட்டுரை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

என்னை அதிக நாள் உட்கார வைத்தது சான்று விதி. கடல்பாசி பற்றி ஒரு பத்தி எழுதினேன். பாம்பன் சின்னப்பாலத்தில் இருக்கும் என் சித்தி சின்ன வயதிலிருந்து பாசி எடுக்கிறார். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு முங்குவார். மரிக்கொழுந்துப் பாசி பாறையில் எப்படி ஒட்டியிருக்கும், கட்டக்கோரைப் பாசி எங்கே மண்டும் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. அவர் சொன்னதையே எழுதினேன். அடுத்த நாள் பார்த்தால், நான் எழுதிய வரிக்குப் பின்னால் யாரோ ‘சான்று தேவை’ என்று குறியிட்டிருந்தார்.

சித்தியிடம் சொன்னேன். “தண்ணிக்குள்ள முங்குறவ நானு. நான் சொல்றத விட்டுட்டு காகிதத்துல எவனோ எழுதுனதத்தான் நம்புவாகளாக்கும்?” என்றார்.

“ஒங்கள நம்பலன்னு இல்ல சித்தி. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து, எங்க அத்த வேற மாதிரி சொன்னாகன்னு எழுதுனா, படிக்கிறவுக எத எடுத்துக்குவாக?”

“அவுக அத்த முங்கிருப்பாளா?”

“அதத்தான் படிக்கிறவுக எப்படிக் கண்டுபிடிப்பாக?”

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப ஆபீசுக்காரவுக யாராச்சும் எழுதி வச்சிருப்பாக, தேடு. ஒரு காலத்துல நெறைய பேரு வந்து கேட்டுக் கேட்டு எழுதிட்டுப் போனாக” என்றார்.

அந்த வார்த்தைதான் வழி காட்டியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கியது; தலைமையகம் கொச்சிக்குப் போவதற்கு முன் மண்டபத்தில்தான் இருந்தது. மண்டபம் நிலையம் இன்றும் இயங்குகிறது. அந்த நிறுவனத்தின் பழைய கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேடினால் அறிவியல் பெயர்கள் கிடைத்தன: மரிக்கொழுந்து என்று நாங்கள் சொல்வது ஜெலிடியெல்லா, கஞ்சிப்பாசி என்பது கிராசிலேரியா, கட்டக்கோரை என்பது சர்காசம். முதல் இரண்டிலிருந்து அகர் எடுக்கிறார்கள், சர்காசத்திலிருந்து ஆல்ஜினேட். ஐஸ்கிரீமிலிருந்து ஆய்வுக்கூடம் வரை, கெட்டியாக்கப் பயன்படும் இந்தப் பொருட்கள் போகின்றன. சித்தி சொன்னவற்றில் பெரும்பகுதிக்கு இப்படி அச்சில் ஆதாரம் கிடைத்தது. மேற்கோள் பொத்தானை அழுத்தி, கட்டுரைத் தலைப்பு, இதழ், வருடம், பக்கம் என்று ஒவ்வொன்றாக நிரப்பினேன். ‘சான்று தேவை’ குறியை நீக்கி, தொகுப்புச் சுருக்கத்தில் காரணமும் எழுதினேன்.

கிடைக்காத பகுதியும் உண்டு. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்து வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கிக் கிடக்கும், வாடையில் அப்படியே மாறும் என்பதற்குப் புத்தகம் இருக்கிறது. ஆனால் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து இன்றைக்கு இறங்கலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யும் விதத்தை யாரும் அச்சில் ஏற்றவில்லை. அச்சில் இல்லாததை நானே விசாரித்து நேரடியாக விக்கிப்பீடியாவில் போடக் கூடாது. இது எனக்கு வருத்தம்தான். எங்கள் கடற்கரையின் அறிவு பெரும்பாலும் வாயில் இருக்கிறது, தாளில் இல்லை. விதியைத் தளர்த்தினால் இந்த வருத்தம் தீராது. யாராவது முறையாகச் சென்று கேட்டு, எழுதி, ஒரு இதழிலோ புத்தகத்திலோ வெளியிட வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இது.

சான்றுகளே ஒன்றோடொன்று மோதும்போது என்ன செய்வது என்பதைத் தனுஷ்கோடி பற்றி எழுதும்போது கற்றுக்கொண்டேன். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் கடலுக்குள் போனது. எத்தனை பேர்? 115 என்று சில இடங்களில் இருக்கிறது, 200 அளவில் என்று வேறு இடங்களில் இருக்கிறது. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். விதி தெளிவாக இருக்கிறது: நமக்குப் பிடித்த எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், இரண்டையும் கூட்டி நடுவில் ஒன்றைப் போடவும் வேண்டாம். இந்த மூலம் இவ்வளவு என்கிறது, அந்த மூலம் அவ்வளவு என்கிறது என்று இரண்டையும் பெயரோடு எழுது. செத்தவர்களின் கணக்கில் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

கச்சத்தீவுக் கட்டுரையைத் திறந்தபோது கை நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்திலேயே படகைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தானாக வரும் சொல் ‘தாரைவார்த்தார்கள்’. கட்டுரையில் என் குரலாக அது வரக் கூடாது. 1974-ல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்தன, 1976-ல் இன்னொரு உடன்பாடு வந்தது, 2008-ல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார் என்று நடந்ததை எழுதலாம். தாரைவார்த்தார்கள் என்று ஒரு தலைவர் பேசியிருந்தால், இன்னார் இந்த நாளில் இப்படிப் பேசினார் என்று அவர் வாயில் வைத்து, சான்றோடு எழுதலாம். இலங்கைத் தரப்பு சொல்வதும் அதே அளவு மரியாதையோடு இருக்க வேண்டும். ராமர் பாலத்துக்கும் இதே முறைதான்: நம்பிக்கையை நம்பிக்கை என்று, மணல்திட்டுகளின் புவியியலைப் புவியியல் என்று, ஒன்றை வைத்து இன்னொன்றை அடிக்காமல் எழுத வேண்டும். கச்சத்தீவில் இப்போதைக்கு நான் கை வைக்கவில்லை. பேச்சுப் பக்கத்தில் ஒரு சான்றைச் சுட்டி, சேர்க்கலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறேன். நமக்கு நெருக்கமான விஷயத்தில் முதலில் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது. மாற்றி மாற்றி அழித்துக்கொண்டே போனால் பக்கத்தையே பூட்டிவிடுவார்கள், யாருக்கும் பயனில்லை.

யாருக்குக் கட்டுரை எழுதலாம் என்பது அடுத்த கேள்வி. “என்னையப் பத்தி எழுதுவியா?” என்று சித்தியே கேட்டார். தொடர்பில்லாத செய்தித்தாள்களும் புத்தகங்களும் ஒருவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்று விளக்கினேன். சொந்தக்காரன் நான் எழுதுவதும் முறையல்ல. சின்னப்பாலத்திலேயே பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் சூழலைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீக்காலஜியின் பரிசு கிடைத்தது, பத்திரிகைகள் எழுதின. அவரைப் பற்றிச் சான்றோடு எழுத இடம் இருக்கிறது. உயிரோடு இருப்பவர் என்பதால் ஒவ்வொரு வரிக்கும் சான்று கட்டாயம். “லெச்சுமிக்கு எழுது, நல்லா எழுது” என்றார் சித்தி.

படங்கள் சுலபம் என்று நினைத்திருந்தேன். அங்கேயும் விதி நிறைய. செய்தித்தாளில் வந்த படம், வாட்ஸ்அப்பில் வந்த படம் எதுவும் ஆகாது. நானே எடுத்ததாகவோ, உரிமையாளர் யாரும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்ததாகவோ இருக்க வேண்டும். விக்கிப்பீடியாவுக்குப் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் என் படத்தை ஏற்றும்போது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்குச் சம்மதிக்கிறோம். என் பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்குக்கூட, எடுத்துக்கொள்ளலாம். இதைப் புரிந்துகொண்டு ஏற்ற வேண்டும், பின்னால் திரும்பப் பெற முடியாது. குந்துகால் கரையிலிருந்து எடுத்த குருசடைத் தீவுப் படத்தை ஏற்றினேன். பாசி மூட்டைகளோடு நிற்கும் பெண்களின் படம் ஒன்றும் கையில் இருக்கிறது. எல்லோரிடமும் சம்மதம் கேட்காமல் அதை ஏற்றப் போவதில்லை. சட்டம் என்ன சொன்னாலும் அவர்கள் முகம் அவர்களுடையது.

இப்போது மணல்தொட்டியில் இருப்பது மன்னார் வளைகுடாத் தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததை ஒரு காரணமாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு தீவுக்கும் பெயர், இருப்பிடம், சான்று என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். சான்று கிடைக்காத கட்டங்களை நிரப்பாமல் காலியாகவே விட்டிருக்கிறேன். கீழக்கரை, வாலிநோக்கம் பக்கத்துத் தீவுகளைப் பற்றிப் பழைய நூல் யாரிடமாவது இருந்தால் தலைப்பும் பக்க எண்ணும் சொன்னால் போதும், அட்டவணையில் சேர்த்துவிடுவேன்.